மச்சான் கொண்டுவந்த கோடித் துணி

முதல் துரோகம் செய்தவன் வெள்ளத்துரை. என் பெண்டாட்டி இசக்கித்தாயின் கூடப்பிறந்த அண்ணன். மத்தியானம் என் வீட்டில் கறிச்சோறு தின்ற அதே கையை, சாயங்காலம் எனக்கு எதிராகத் தூக்கினான்.

சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் போகிற ரோட்டில் எங்கள் ஊர். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள், மேலூர். அந்தப் பக்கம் அவன், கீழூர். இரண்டுக்கும் ஒரே பஞ்சாயத்து. அது அவனுக்குப் பொறுக்கவில்லை.

"வெள்ளைக்காரன்கிட்ட இருந்து நாடே விடுதலை வாங்கியாச்சு. மேலூர்க்காரன்கிட்ட இருந்து நமக்கு எப்ப விடுதலை?" என்று கேட்டான். கீழூரே கை தட்டியது.

அதிகாரி வந்தார். கையைத் தூக்கச் சொன்னார். எண்ணினார். கீழூர் தனியாகப் போய்விட்டது.

பிரித்ததில் குளம் எங்களுக்கு வந்தது. சுடுகாடு அவர்களுக்குப் போனது. அன்று முதல் அவர்கள் குளிக்கக் கூடாது, நாங்கள் சாகக் கூடாது.

அதோடு விட்டோமா? "கூப்பிடாம ரோட்டைத் தாண்ட மாட்டோம்" என்று இரண்டு பக்கமும் சங்கரநாராயணர் கோயிலில் போய்க் கையால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தோம். பாதி சிவன், பாதி பெருமாள் என்று ஒரே உடம்பாக நிற்கிற சாமிக்கு முன்னால்! சாமி என்ன நினைத்ததோ.

இந்த லட்சணத்தில் என் மகள் கோமதித்தாயிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை கரிவலம்வந்தநல்லூர். அவர் தகப்பனார் சங்கரசுப்பு கறாராகச் சொல்லிவிட்டார்.

"தாய்மாமன் வந்து நிக்காத பந்தல்ல என் மகன் தாலி கட்டமாட்டான்."

இசக்கித்தாய் அழுதாள். "வெத்தலை வச்சு எங்கண்ணனைக் கூப்பிட்டுட்டு வாங்க."

"துரோகம் செஞ்சவன் அவன். அவன்தான் இங்கன வரணும்."

"கூப்பிடாம வரமாட்டேன்னு அவுக சூடம் அணைச்சிருக்காகளே?"

"நான் மட்டும் என்ன, ஊதியா அணைச்சேன்?"

வெள்ளிக்கிழமை கல்யாணம். செவ்வாய்க்கிழமை வந்தும் நான் அசையவில்லை.

அன்று மத்தியானம் காட்டிலிருந்து திரும்பி வருகிறேன். கீழூர் மொத்தமும் ரோட்டைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் ஓடுகிறது. பெண்கள் தலையை விரித்துப் போட்டிருக்கிறார்கள்.

பின்தங்கிப் போன முப்பிடாதியம்மாளைக் கேட்டேன். "யக்கா, யாரு செத்தது?"

"நம்ம ஆறுமுகச்சாமிதான்யா. காட்டுல பாம்பு கடிச்சு..." மூக்கைச் சிந்திக்கொண்டே திரும்பியவள், என் முகத்தைப் பார்த்ததும் அலறிக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டு வாசலில் ஒரே ஒப்பாரி. கல்யாணத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்த இசக்கித்தாய், ஒன்றும் புரியாமல் உலக்கையும் கையுமாக நின்றாள். பஞ்சாயத்தைப் பிரித்த கூட்டத்தில் என்னைத் திருடன் என்று திட்டிய கீழூர் நல்லகண்ணு, பந்தல்காலைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தான்.

"தங்கமான மனுசன்லா! சுடுகாட்டுக்கு யாரும் எங்கள வந்து கேக்க வேண்டாம். எங்க மண்ணு, அண்ணாச்சிக்கு இல்லாததா?"

"இப்போதைக்கு வேண்டாம்வே" என்றேன்.

அப்புறம் நடந்த கூச்சலைச் சொல்ல முடியாது. யார் கிளப்பிவிட்டது என்று கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் காட்டினார்கள். சாவு வீட்டுக்கு யாரும் கூப்பிட்டுப் போவதில்லை. காதில் விழுந்ததும் ஓடிவர வேண்டியதுதான். அதற்குச் சத்தியம் குறுக்கே நிற்காது.

இசக்கித்தாய் கெட்டிக்காரி. உலக்கையைப் போட்டுவிட்டு வெற்றிலைத் தட்டை எடுத்தாள்.

"வந்தது வந்துட்டிய. வெள்ளிக்கிழமை எம்மக கல்யாணம். எல்லாரும் வந்திரணும்."

அழுத கண்ணைத் துடைத்த கையாலேயே கீழூர் வெற்றிலை எடுத்துக்கொண்டது. ஒருத்தரும் ரோட்டைத் தாண்டிப் போய்க் கூப்பிடவில்லை. இரண்டு பக்கத்து வீராப்பும் பத்திரம்.

கடைசியாக நின்றான் வெள்ளத்துரை. கக்கத்தில் ஒரு துணிமூட்டை. மச்சான் செத்தால் கோடித் துணி கொண்டுவந்து போட வேண்டியவன் அவன்தானே.

"என்னவே, கோடி எடுத்தது வீணாப் போச்சா?"

"ஏட்டி, இதை உள்ள கொண்டு வை" என்று தங்கச்சியிடம் நீட்டினான்.

"பொணத்துக்கு எடுத்த துணியைக் கல்யாண வீட்டுக்குள்ள வைக்கவா?" வெடுக்கென்று பிடுங்கினேன். ஊரே பார்க்கட்டும் என்று முடிச்சை அவிழ்த்தேன்.

உள்ளே அரக்கு நிறத்தில் பட்டுச்சேலை. நாலு மூலையிலும் மஞ்சள். மேலே மணப்பெண்ணுக்கு வளையல்.

ஓடிவந்த அத்தனை பேரில், நான் சாகவில்லை என்று தெரிந்து வந்தவன் அவன் ஒருத்தன்தான்.

கல்யாணம் நடந்தது. தாய்மாமன் பந்தலில் நிமிர்ந்து நின்றான். இப்போது கீழூர் எங்கள் குளத்தில் குளிக்கிறது. நாங்களும் பயமில்லாமல் சாகலாம். எல்லாம் சரிதான்.

ஆனால் உயிரோடு இருந்தவனைச் சாகடித்ததற்கு அவன் இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. மச்சானைச் சாகடித்தவன், முறைப்படி கோடித் துணியாவது கொண்டுவந்திருக்க வேண்டாமா?

அது எனக்கு இன்னும் பாக்கி. அதை அவனிடம் வாங்காமல் நான் சாகப்போவதில்லை.