தூரத்து ஏரிதான் நல்லது

இராஜநாயகத்துக்கு ஏரியில் இறங்குகிற எண்ணமே கிடையாது. ஆனாலும், எந்த ஏரிக்குப் போவது என்று கூடிக் கதைத்தபோது அவருடைய சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

இத்தாலியின் பலேர்மோ நகரில், போர்கோ வெக்கியோப் பகுதியில் அந்தக் கட்டடத்தில் ஆறு தமிழ்க் குடும்பங்கள்; அவர்களோடு தனி ஆளாக இராஜநாயகம். எல்லாருக்கும் இத்தாலியர் வீடுகளில் வேலை. ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. ஓகஸ்டில் கடற்கரைக்குப் போனால் தண்ணீர் தெரியாது, தலைகள்தான் தெரியும். அதனால் இந்த முறை பஸ் பிடித்து ஏரிக்கு. பஸ்சுக்குச் சொல்லி வைத்த பிரதீஸ், மூன்று ஏரிகளின் படங்களைப் போனில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

இராஜநாயகம் முழங்கால் வலியென்று வீட்டில் நிற்கிறார். ஆகவே ஆறு வீட்டு நகையும் அன்றைக்கு அவர் பொறுப்பு. போன வருடம் அடுத்த தெருவில் வீடு பூட்டிக் கிடந்த நேரம் கள்ளன் புகுந்துவிட்டான். இவரோ பாங்கை நம்பமாட்டார், டாக்டரை நம்பமாட்டார், காஸ் மீட்டர் பார்க்க வருகிறவனிடம் அடையாள அட்டை கேட்பார். இப்படிப்பட்ட மனிதரை விட்டால் காவலுக்கு வேறு யார்?

அவருடைய சட்டைப் பையில், ஞாயிறு மாலை எட்டு மணிக்கு நேப்பிள்ஸ் போகும் கப்பலுக்கு டிக்கெட் இருந்தது. போக மட்டும். திரும்பி வர இல்லை.

இருபத்தெட்டு வருடம் மற்றவர்களின் தரையைத் துடைத்தாகிவிட்டது. ஆறு வீட்டு நகையை விற்றால் இனித் தரை கூட்டும் தும்புத்தடியைத் தொடத் தேவையில்லை. ஆனால், கப்பல் கிளம்புவதற்கு முன்னால் பஸ் திரும்பிவிட்டால் முதலில் தட்டப்படுவது அவருடைய கதவுதான்.

"இது அரை மணித்தியால ஓட்டம், அண்ணை," என்றான் பிரதீஸ். "நல்ல நிழல். நாலு மணிக்கு வீட்டை வந்திடலாம்."

"அதிலை பாம்பு."

"ஆர் சொன்னது?"

"நான் வேலை செய்த வீட்டுக்காரம்மா சொன்னவ. கடிச்சால் நீர் தூக்கிக்கொண்டு ஓடுவீரோ?"

பெண்கள் கால்களை இழுத்துக்கொண்டார்கள். முதல் ஏரி போய்விட்டது.

"அப்ப இது. மிதிபடகும் இருக்கு. ஆறு மணிக்குப் பூட்டுவாங்கள், ஏழுக்கு இஞ்சை நிப்பம்."

"ஐயோ, இதுதான் வேணும்!" என்றாள் மேல்மாடி றோசமலர். எல்லாத் தலையும் ஆடியது. இராஜநாயகம் சட்டைப் பையிலிருந்த டிக்கெட்டைத் தடவிக்கொண்டார்.

"தம்பி, அங்கை காவலுக்கு ஆள் நிக்கிறானோ?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லை."

"பிள்ளையள் தண்ணியிலை மூழ்கினால் ஆர் குதிக்கிறது? நீரோ? உமக்கு வாளித் தண்ணியிலையே நீந்தத் தெரியாது."

படி முழுக்கச் சிரிப்பு. பிரதீஸின் மனைவிதான் எல்லாரிலும் அதிகமாகச் சிரித்தாள். இரண்டாவது ஏரியும் போனது.

"மிச்சம் இதுதான். மலைக்கு அங்காலை, ரண்டரை மணித்தியாலம். ரண்டு காவல்காரர் நிக்கினம். ஆனால் திரும்பி வர ஒன்பது தாண்டும், அண்ணை."

"தாண்டட்டுமன்! வருசத்திலை ஒருநாள். நாலு மணிக்கு வந்து சுவரையே பாக்கப் போறியள்? பிள்ளையள் வடிவாக் குளிக்கட்டும்."

எதிர்வீட்டு ஞானம்பிகைக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணை தான் வராட்டிலும் எங்களைத்தான் யோசிக்கிறார்."

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பொட்டலங்கள் வந்தன. ஒருத்தியும் இரகசியமாகக் கொடுக்கவில்லை.

"அண்ணை, இது இருபத்தொரு பவுண் கொடி," என்றாள் ஞானம்பிகை, கீழ்மாடி வரைக்கும் கேட்க. "தாலிக்கொடியோடை தண்ணிக்கை இறங்கேலுமே?"

"என்ரையிலை கொடியோடை ஆறு காப்பும் கிடக்கு," என்றாள் றோசமலர். "பாரம். ரண்டு கையாலும் பிடியுங்கோ. திறந்து பாக்கேல்லையோ?"

"பொம்பிளையளின்ரை நகையைத் திறந்து பாக்கிற பழக்கம் எனக்கில்லை," என்றார் இராஜநாயகம். "கெதியாப் போங்கோ, பஸ் நிக்குது."

மாலை எட்டு மணிக்குக் கப்பல் ஊதியது. துறைமுகம் பின்னால் சுருங்க, போனைக் கடலில் போட்டுவிட்டு, ஆறு பொட்டலமும் இருந்த பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். அந்த வருடத்தில் அவர் நிம்மதியாகத் தூங்கியது அன்றைக்குத்தான்.

திங்கள் காலை, நேப்பிள்ஸில் பழைய தங்கம் வாங்கும் கடை. கடைக்காரன் முதல் கொடியைக் கல்லில் உரைத்தான், ஒரு துளி அமிலம் விட்டான், தள்ளி வைத்தான். அடுத்ததையும் தள்ளினான். அதற்கடுத்ததையும்.

"செம்பு," என்றான். "மேலே பூச்சு. ஆறு பொட்டலமும் அப்படித்தான்."

இராஜநாயகம் அவனை நம்புவாரா? கள்ளன் என்று திட்டிவிட்டு இன்னும் மூன்று கடை ஏறி இறங்கினார். நாலாவது கடைக்காரன் கல்லைக்கூட எடுக்கவில்லை. கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

அதே நேரம் பலேர்மோவில், பொலிஸ்காரர் ஒருவரின் மேசையைச் சுற்றி நின்று, தன்னுடையது மட்டும்தான் கவரிங் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆறு பெண்களும், களவுபோன தங்கத்தின் எடையை ஒருத்தியை விட ஒருத்தி கூட்டிக் கூட்டிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள்.