பச்சைக் களிம்பு

பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் காயலான் கடைக்கு இழுத்துப்போக வாசலில் வண்டி காத்து நிற்கிறது. காருக்கடியில் அக்கா மல்லாந்து கிடக்கிறாள். மனம் வைத்தால் கிளம்பும், இல்லையென்றால் ‘டிக்’ என்று மட்டும் சொல்லும் கார் அது. பேட்டரியும் ஸ்டார்ட்டரும் மாற்றியாயிற்று. “போதும்க்கா, வண்டிக்காரர் எவ்வளவு நேரம் நிப்பாரு?” என்கிறான் ஸ்டியரிங் முன் உட்கார்ந்திருக்கும் தம்பி. “சாவியத் திருப்புடா.” டிக். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயரின் முனையைத் தொட்ட அவள் விரல் வெடுக்கென்று விலகுகிறது. “சுடுதுடா! கரண்ட்டத் திருடுற திருடன் இவன்தான்!” கழற்றிப் பார்க்கிறாள், முனையெங்கும் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க, சாய்ந்து விழும் வெயிலில் செம்பு மினுங்குகிறது. திரும்ப மாட்டி முடுக்குகிறாள். “இப்போ திருப்பு.” கார் உறுமுகிறது. அணைத்துவிட்டுத் திருப்பினாலும் உறுமுகிறது, மறுபடியும் உறுமுகிறது. வண்டிக்காரர் சிரித்தபடி கொக்கியைச் சுருட்டுகிறார். முகமெல்லாம் கிரீஸோடு அக்கா எழுந்து வருகிறாள். “தள்ளி உக்காருடா. நான்தான் ஓட்டுவேன்.”