இலந்தையடி பஸ்ஸில் ஐம்பத்தொரு பேர்

“வீட்டைப் பூட்டிப்போட்டு எல்லாரும் ஏறவேணும். ஒருத்தரும் மிஞ்சக்கூடாது.”

பஸ் தரிப்பில் நின்று பராசக்தி ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

பண்டத்தரிப்புக்கு அப்பால், கடலை ஒட்டிய இலந்தையடியில் முப்பத்தெட்டு வீடுகள். அவற்றில் பதினாறு, கனடாவுக்கும் பிரான்சுக்கும் போனவர்களுடையவை. வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன. மிச்சம் இருபத்திரண்டில், பராசக்தி வீட்டைத் தவிர எல்லாவற்றிலும் மோட்டார் சைக்கிள் நின்றது. அதனால் காலை பஸ்ஸில் பெரும்பாலும் ஏறுவது அவளும் அவளுடைய இரண்டு கீரைக் கூடைகளும்தான். அந்த பஸ் நின்றால் சங்கானைச் சந்தைக்குப் போக அவளுக்கு வேறு வழியில்லை.

போன கிழமை டிப்போவிலிருந்து கடிதம் வந்திருந்தது. இலந்தையடி பஸ்ஸைத் தொடர்ந்து ஓட்டுவதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்க, புதன்கிழமை காலை ஓர் அதிகாரி ஆட்களைக் கணக்கெடுக்க வருகிறாராம். பராசக்தி அன்றைக்கே இருபத்தொரு வீட்டுக்கும் நடந்தாள். தயங்கியவர்களுக்கு, அவர்கள் வீட்டுக் கலியாணங்களில் தான் துருவிக் கொடுத்த தேங்காய்களை நினைவூட்டினாள்.

சீவரத்தினம் மட்டும் தரிப்பிலும் முணுமுணுத்தார்.

“அக்கா, என்ரை மோட்டார் சைக்கிளிலை உங்களையும் கூடையையும் நானே கொண்டுபோய் விடுறன்.”

“ஒரு நாளைக்கு விடுவாய். மற்ற நாள் நித்திரை எண்டுவாய். ஏறு.”

ஏறினார். எண்பது வயதுத் தம்பிஐயா வெள்ளைச் சட்டை போட்டு வந்து யன்னலோரம் பிடித்துக்கொண்டார். குழந்தைகளோடு ஐம்பத்தொரு பேர். ரிக்கெற் கொடுத்துக் களைத்த கொண்டக்டர் கஜானன், ஊரில் யாரும் காலமாகிவிட்டார்களா என்று பராசக்தியிடம் மெதுவாக விசாரித்தான்.

அடுத்த தரிப்பில் கோப்பும் பேனையுமாக ஒருவர் ஏறினார். டிப்போ அதிகாரிதான் என்று எல்லோரும் நிமிர்ந்து இருந்தார்கள். பராசக்தி கண்ணைக் காட்ட, தம்பிஐயா எழுந்து தன்னுடைய யன்னலோரத்தைக் கொடுத்தார்.

பிறகு எல்லோரும் கதைக்கத் தொடங்கினார்கள். இந்த பஸ் இல்லாவிட்டால் தன்னுடைய பிரஷர் மருந்து நின்றுவிடும் என்றார் தம்பிஐயா. தங்கள் வீட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லையென்று நாகேஸ்வரி பக்கத்தில் இருந்தவளிடம் சத்தமாகச் சொன்னாள். பழக்கத்தில் தூக்கிக்கொண்டு வந்த ஹெல்மெற் அவள் மடியில் இருந்தது. சீவரத்தினமும் தன் பங்குக்கு, பஸ்ஸில் போனால்தான் தனக்கு ஊர்ப் புதினம் தெரியவரும் என்றார்.

கோப்புக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இடைக்கிடை எதையோ எழுதினார். அவர் எழுதும் ஒவ்வொரு முறையும் பராசக்திக்கு மூச்சு சீராக வந்தது.

சங்கானை நெருங்கும்போது அவர் கோப்பைத் திறந்து, ஒரு படிவத்தை உருவிச் சீவரத்தினத்தின் பக்கம் திரும்பினார்.

“அண்ணை, நீங்கள் ஆயுள் காப்புறுதி எடுத்திட்டியளோ?”

தம்பிஐயா தன்னுடைய யன்னலோரத்தை ஏக்கத்தோடு பார்த்தார்.

அப்போது பராசக்தியின் போன் அடித்தது. ஊருக்கு விதானையாக, கிராம அலுவலராக இருக்கும் நிரோஜா.

“அக்கா, எங்கை நிக்கிறியள்? ஊரிலை எத்தனை பேர் இருக்கினமெண்டு எண்ண டிப்போ ஐயா வந்தவர். அவரோடை வீடு வீடாப் போனன். முப்பத்தெட்டும் பூட்டு. ஆக்கள் இருக்கினமெண்டு நான் சொல்லவும் நம்பேல்லை. எல்லாரும் வெளிநாடு போட்டினமெண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சிட்டார்.”