பாலத்துக்கு இரண்டாவது ஒப்புதல்

நியூசிலாந்தின் டனீடன் நகர நூலகத்தில் சனிக்கிழமைதோறும் கூடி, எல்லோருக்கும் இலவசமான ஒரு கணினி விளையாட்டை உருவாக்குகிறோம். எந்த மாற்றத்தையும் இருவர் ஒப்புக்கொண்டால்தான் சேர்ப்போம். விளையாட்டில் வரும் ஆற்றின் மேல் மூன்று மாதமாக நான் கட்டிய பாலத்துக்கு, குழுவில் மோவானா மட்டுமே ஒப்புதல் தந்திருந்தாள். புதிய பதிப்பு ஐந்து மணிக்கு வெளியாகிறது. யாருக்கும் வேண்டாததைக் கட்டிவிட்டேனோ என்று உள்ளுக்குள் குறுகியிருந்தேன்.

நாலே முக்காலுக்கு இரண்டாவது ஒப்புதல் வந்தது. அனுப்பியவர் பெயர் கோரன். அது விளையாட்டில் வரும் படகோட்டியின் பெயர். கூடவே ஒரு குறிப்பும் இருந்தது:

"பாலம் கெட்டியா இருக்கும்மா. இனிமே நானும் நடந்தே போயிக்கிறேன்."

"டேய் ஃபெர்கஸ், உன் வேலைதானே?" என்று எதிரே உட்கார்ந்திருந்த குழு நண்பனைக் கேட்டாள் மோவானா.

"நானா இருந்தா இவளை இவ்வளவு பாராட்டுவேனா?" என்றான் அவன்.

யாராக இருந்தால் என்ன, என் பாலம் சேர்ந்துவிட்டது. சிரித்துக்கொண்டே விளையாட்டைத் திறந்தேன். படகு காலியாக நின்றது. பாலத்தின் நடுவில் கோரன் கைவீசி நடந்துகொண்டிருந்தான். அவனைப் படகில் உட்கார்ந்தபடிதான் வரைந்திருந்தோம். கால்கள் வரைந்ததே இல்லை.