பின்னல் ஊசிக்கு ஓர் உறை

"ஐயோ!" என்று அலறிக்கொண்டு சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார் கணவர். வேட்டியில் இன்னொரு ஓட்டை.

"ஸ்வெட்டர் பின்ற ஊசியைப் போட வேற இடமே இல்லையா? ஆறு மாசமா என் பின்பக்கம்தான் கிடைச்சுதா?"

"மறந்துட்டேங்க" என்றாள் மனைவி, தலை நிமிராமல்.

இதற்கு ஒரு முடிவு கட்டியே தீருவது என்று அவர் குரோஷா ஊசி ஒன்றை வாங்கிவந்தார். வீடியோவைப் பார்த்துப் பார்த்து நூலைச் சங்கிலியாகக் கோத்தார், வரிவரியாக ஏற்றினார், மடித்து ஓரம் மூட்டினார், பொத்தானும் தைத்தார். எட்டே நாளில் உறை தயார். பார்க்க ஒற்றைக் கால் சாக்ஸ் மாதிரிதான் இருந்தது. ஆனாலும் ஊசி நான்கும் உள்ளே அடங்கின.

"எதுக்குங்க இந்த வேண்டாத வேலை?" என்று மனைவி முகம் சுளித்தாள்.

"பொறாமை!" என்றவர், உறையைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'இனி எங்கள் சோபாவில் யாரும் பயமில்லாமல் உட்காரலாம்!'

மறுநாள் மாலை அழைப்பு மணி அடித்தது. வாசலில் மனைவியின் அண்ணன், கையில் சொந்தத் தலையணையோடு.

"போட்டோ பார்த்தேன் மாப்ள! இனிமே பழையபடி தினமும் வந்துடறேன்" என்று சோபாவில் கால் நீட்டிப் படுத்து, ரிமோட்டை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். "ராத்திரிக்கு என்ன சாப்பாடு?"

மனைவி கணவரைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"கூடப் பொறந்தவனை வராதேன்னு வாயால சொல்ல முடியுமா? ஆறு மாசமா நான் மறந்தா வச்சேன்?"

கணவர் சத்தமில்லாமல் போய், உறையின் பொத்தானைக் கழற்றினார்.