சித்தி வீட்டுச் சாப்பாடு

இட்லிப்பூச் செடியருகே ஓர் அந்துப்பூச்சி அந்தரத்தில் நின்றபடியே தேன் குடித்துக்கொண்டிருந்தது. அதை விழுங்க அலகைத் திறந்துகொண்டு பாய்ந்தது ஒரு தேன்சிட்டு.

“என்ன சித்தி, என்னை அடையாளம் தெரியலையா?” என்றது பூச்சி, நடுக்கத்தை மறைத்துக்கொண்டு.

சிட்டு அப்படியே நின்றுவிட்டது. “நீ யாரு வீட்டுப் பிள்ளை?”

“நீங்களும் அந்தரத்துல நிக்கிறீங்க, நானும் நிக்கிறேன். உங்களுக்கும் மூக்கு நீளம், எனக்கும் நீளம். ரெண்டு பேருக்கும் இந்தச் செடிதான் சாப்பாடு. இதுக்கு மேல என்ன வேணும்?”

சிட்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பறந்து பார்த்தது. “அட, ஆமா! எங்கப்பா மூக்கை அப்படியே உரிச்சு வெச்சிருக்கே! இத்தனை நாள் எங்கடா இருந்தே? இப்படி மெலிஞ்சு போயிட்டியே!” என்று கூத்தாடியது. சந்தோஷம் தாங்காமல் ஒரு பாட்டும் பாடிவிட்டது. “வா வீட்டுக்கு! சாப்பிடாம உன்னை விடமாட்டேன்.”

“என்ன சாப்பாடு, சித்தி?”

“பூச்சிதான். பிள்ளைங்களுக்கு அதுன்னா உயிரு!”

பூச்சிக்குச் சிறகடிப்பு ஒரு கணம் தப்பியது. “முதல் தடவையா வர்றேன், வெறுங்கையோடவா வர்றது? ஏதாவது வாங்கிட்டு வந்துடுறேன்” என்று வேலி தாண்டிப் பறந்தது.

சாயங்காலம் வரை சிட்டு கூட்டு வாசலிலேயே காத்திருந்தது. பசியில் கத்திய குஞ்சுகளிடம் அலுத்துக்கொண்டது:

“இந்தச் சொந்தக்காரங்களே இப்படித்தான். நம்ம வீட்ல கை நனைக்கச் சொன்னா மட்டும் ஆயிரம் சாக்கு!”