யாரும் கத்தலை

"திம்மப்பா, இதென்ன பார்க்கா? ஒரு வாரமா இதே கூத்தைப் பாக்கறேன். எழுப்பி விடுங்க!"

காரை கேட்டுக்குள் திருப்பும்போதே சிவராஜுக்கு எரிச்சல். காலை ஒன்பதரை மணிக்கு ராயக்கோட்டைப் பக்கத்துக் கான்ட்ராக்ட் பெண்கள் இருபது பேர் புங்க மரத்தடியில் டிபன் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு அரட்டை!

வாட்ச்மேன் திம்மப்பன் தலையைச் சொறிந்தார். "பாவம் சார், பஸ் காசு போட்டு வந்துட்டாங்க..."

"வந்தா உள்ளே போய் வேலையைப் பாக்கணும்!"

சிவராஜ் அந்த ஓசூர் கம்பெனியின் ஐ.டி. மேனேஜர். இன்று எம்.டி. அவரைப் பாராட்டப் போகிறார். வாசலிலேயே மூடைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை, போய்விட்டார்.

விஷயம் இதுதான். கம்பெனி வாடகைக்கு எடுத்த சர்வர்களில் விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளே ஓடும் கம்ப்யூட்டர்கள், காளான் மாதிரி பெருகிவிட்டன. ஆளாளுக்கு ஒன்று கேட்டு வாங்கினார்கள், வேலை முடிந்ததும் அம்போவென்று விட்டுவிட்டார்கள். எண்பத்து நாலு ஓடியது. பாதிக்குச் சொந்தக்காரர் யாரென்றே தெரியாது. வாடகை பில் மட்டும் மாதாமாதம் டாணென்று வந்தது.

"பில்லைக் குறைங்க. இல்லைன்னா உங்க ஆளைக் குறைக்கணும்" என்றுவிட்டார் எம்.டி.

சிவராஜ் இன்ஜினியர் மோகனப்ரியாவைக் கூப்பிட்டார். "பேர் இல்லாததை எல்லாம் அணைச்சிடும்மா."

"ஒரு தடவை விசாரிச்சுடலாமே சார்? இதோ, வேலையை விட்டுப் போன சுரேந்தர் போட்டது ஒண்ணு. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு என்னவோ பண்ணுது."

"விசாரிச்சுக்கினு இருந்தா வருஷம் ஓடிடும். அணை. வேணுங்கறவன் கத்துவான். கத்தினா திருப்பிப் போட்டுக்கலாம்."

இந்தத் தொழிலில் இது வழக்கம்தான். அணைத்த மறுநாளே அக்கவுண்ட்ஸ் கத்தியது. ஐந்து நிமிடத்தில் அவர்கள் மெஷின் ஓடியது. க்வாலிட்டி மேனேஜர் கத்தினார். அவருடையதும் ஓடியது. அப்புறம் ஒரு வாரமாக மூச்சு பேச்சில்லை.

"பிரமாதம் சிவராஜ்!" எம்.டி. கையைப் பிடித்துக் குலுக்கி ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்.

மதியம் ஒன்றரைக்கு அந்த பாக்ஸோடு வெளியே வந்தால், பெண்கள் இன்னும் மரத்தடியிலேயே! சிவராஜுக்கு வந்ததே கோபம்.

"ஏம்மா, காலையிலேருந்து இங்கயே ஒக்காந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

முனிலட்சுமி என்ற பெண் சட்டென்று எழுந்து நின்றாள்.

"ரெண்டு மணி ஷிப்ட்டுல பேரு போட்டிருக்காங்க சார். காலையில இங்க வந்தப்புறந்தான் தெரிஞ்சுது. ஊருக்குப் போய்த் திரும்ப வர பஸ்ஸுக்குக் காசில்ல."

"முன்னாடியே தெரிஞ்சுக்கறதுக்கென்ன?"

"தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு போன்ல மெசேஜ் வரும் சார், நாளைக்கு எந்த ஷிப்ட்டுன்னு. சுரேந்தர் சார் எங்களுக்காகப் போட்டுக் குடுத்தது. ஒரு வாரமா வர்ல."

சிவராஜ் ஸ்வீட் பாக்ஸை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார். "அதை... ஆபீஸ்ல வந்து கேட்டிருக்கலாமில்ல?"

"மெசேஜ் நின்னதும் வேலையே போயிடுச்சோன்னு பயந்துட்டோம் சார். கேட்டா, கத்துறாளுங்கன்னு பேரை அடிச்சிட மாட்டாங்களா? அதான் சத்தம் காட்டாம தினம் காலையிலயே வந்து ஒக்காந்துக்கறோம்."